அமெரிக்கச் சட்டம் பயிலும் அயல்நாட்டு நீதிபதிகள்

கோடை விடுமுறையில் ஐரோப்பாவின் நீதிமன்றங்கள் பல ஓய்ந்திருக்கும். அந்த நாட்களில் நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரிலோ ஆம்ஸ்டர்டாம் நகரிலோ ஒரு வகுப்பறையில் எட்டிப் பார்ப்போர்க்குச் சற்று வியப்பான காட்சியொன்று தென்படக்கூடும். தம் ஊரில் பேரும் புகழும் பெற்ற வழக்கறிஞர்கள் மாணவர்களைப் போல் பெஞ்சியில் அமர்ந்து, நியூயார்க்கிலிருந்து வந்த பேராசிரியரின் கேள்விக்கு விடை கூற இயலாமல் விழித்துக் கொண்டிருப்பார்கள். கொலம்பியாப் பல்கலைக்கழகம் இவ்விரு நகரங்களின் பல்கலைக்கழகங்களோடு கூடி 1963ஆம் ஆண்டில் தொடங்கிய கோடைக்காலச் சட்டப் பயிற்சி அது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள சட்டக் கல்லூரியும் பிற நாட்டு வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் இத்தகைய வகுப்புகளை நடத்தியதுண்டு. சில வாரங்களே நீடிக்கும் படிப்பு. அதைக்கொண்டு அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை கிட்டாது. எனினும் செலவு செய்துகொண்டு பலர் வருகின்றனர்.

ஏன் வருகின்றனர்? தம் நாட்டு வணிகர் ஒருவர் அமெரிக்கக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து கொள்கிறார் என்று வைத்துக் கொள்வோம். தகராறு நேர்ந்தால் நியூயார்க் சட்டமே செல்லும் என்று அதில் ஒரு வரி காணப்படுகிறது. பின்னர் வழக்கு எழுகிறது. எதிர்க்கட்சியின் வக்கீல், பழைய கடிதங்கள், கணக்குகள், உள்ளலுவலகக் குறிப்புகள் அனைத்தையும் தம்மிடம் காட்ட வேண்டும் என்று கேட்கிறார். ஐரோப்பிய வழக்கறிஞருக்கு இது அத்துமீறலாகத் தோன்றும். தம் கட்சிக்காரருக்கு எதிரான சான்றை அவரே எடுத்துக் கொடுப்பதாவது என்று அவர் எண்ணுவார். ஆனால் 1938ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பெடரல் நீதிமன்றங்களின் சிவில் விதிகள் இதைத்தான் கோருகின்றன. வழக்கு வரும் என்று தெரிந்த பின் வணிகர் அக்காகிதங்களைக் கிழித்தெறிந்தால் நீதிமன்றம் கடுமையான தண்டம் விதிக்கலாம். நல்ல வழக்கும் அதனாலேயே தோற்றுப் போகலாம். இதை முன்கூட்டியே எடுத்துரைக்கத் தெரியாத வழக்கறிஞரை நம்பியவர் கதி என்னவாகும்?

வகுப்பில் முதலில் வருவது முறையே பற்றிய அதிர்ச்சி. பிரெஞ்சு நாட்டவரும் ஜெர்மானியரும் சட்டத் தொகுப்பைத் திறந்து, பிரிவைக் கண்டு, அதிலிருந்து முடிவுக்கு வருவர். அமெரிக்கப் பேராசிரியரோ பழைய தீர்ப்பொன்றைக் கையில் கொடுத்து, "இதில் நடந்தது என்ன?" என்று தொடங்குவார். 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரான லாங்டெல் புகுத்திய முறை இது.

அங்கே முதலாண்டு மாணவர்கள் பலரும் படிக்கும் வழக்கொன்றைச் சொல்கிறேன். நியூஹாம்ப்ஷயர் ஸ்டேட்டில் 1929ஆம் ஆண்டு தீர்ப்பான வழக்கு. மின்சாரக் கம்பி பட்டுக் கையில் தழும்பேறிய ஓர் இளைஞனிடம் அறுவை மருத்துவர், கையை நூற்றுக்கு நூறு நல்ல கையாக்கித் தருவதாக வாக்களித்தார். மார்பிலிருந்து தோலெடுத்து உள்ளங்கையில் ஒட்டினார். கை நேராகவில்லை; உள்ளங்கையில் மயிரும் முளைத்தது. இளைஞனுக்கு என்ன நஷ்டஈடு? முன்பிருந்த கைக்கும் இப்போதுள்ள கைக்கும் உள்ள வேறுபாடா? அறுவையில் பட்ட வலிக்கான தொகையா? இரண்டும் அல்ல என்றது நீதிமன்றம். வாக்களித்த நல்ல கைக்கும் கிடைத்த கைக்கும் உள்ள வேறுபாடே அளவுகோல். வலியைத் தனியே கணக்கிட முடியாது. நல்ல கை கிடைத்திருந்தாலும் அவன் அந்த வலியைப் பட்டே இருப்பான் அல்லவா? ஒப்பந்தச் சட்டத்தின் ஒரு பெருங்கொள்கை, மயிர் முளைத்த கையொன்றின் வாயிலாகவே மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. சூத்திரமாகச் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருக்கும்.

அடுத்த இடர் பெயர்களால் விளைவது. நியூயார்க் ஸ்டேட்டில் சுப்ரீம் கோர்ட் என்ற பெயர் தாங்கியது உச்ச நீதிமன்றமன்று. அது வழக்குகளை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம். அங்கே உச்சியிலிருப்பது அப்பீல் கோர்ட். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய சொற்கள் பெரும் அச்சத்தைத் தருவன. அகராதியில் பொருள் சரியாக இருக்கும். அலுவலகக் கோப்பில் அது முற்றிலும் தவறாக முடியும். ஐம்பது ஸ்டேட்டுகளுக்கும் தனித்தனிச் சட்டமும் நீதிமன்ற அடுக்கும் உண்டு. லூசியானா மட்டும் பிரெஞ்சு, ஸ்பானிய மரபில் வந்த சிவில் சட்டத் தொகுப்பைக் கைக்கொண்டுள்ளது. ஸ்டேட் சட்டத்துக்கு உட்பட்ட தகராறு பெடரல் நீதிமன்றத்துக்கு வந்தாலும், அந்த ஸ்டேட்டின் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்று 1938இல் ஈரீ ரயில்வே வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆகவே "அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?" என்று எவரேனும் கேட்டால், எந்த ஸ்டேட் என்று திருப்பிக் கேட்பதே பயிற்சி பெற்றவருக்கு அழகு.

ஜூரி முறையை நம்மவர் ஓரளவு அறிவர். பம்பாயில் 1959இல் நானாவதி வழக்கில் ஜூரிகள் குற்றமற்றவர் என்று கூறியதும், உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்ததும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்த தமிழர்க்கு நினைவிருக்கலாம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமிருக்கவில்லை. அமெரிக்காவிலோ இருபது டாலருக்கு மேற்பட்ட சிவில் வழக்கிலும் ஜூரி விசாரணை உரிமையை 1791ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் காக்கிறது. அத்தொகையை எவரும் மாற்றவில்லை. ஆயினும் வெளிநாட்டவர் திரைப்படங்களில் கண்ட ஜூரி விசாரணை அங்கே அரிது. பெடரல் நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் குற்றத்தை ஒப்புக்கொண்டே தண்டனை பெறுகின்றனர். அரசு வக்கீலோடு பேசி, குறைந்த குற்றச்சாட்டுக்கோ குறைந்த தண்டனைக்கோ இசைகின்றனர். நீதியை இவ்வாறு பேரம் பேசலாமா என்று அயல்நாட்டு நீதிபதிகள் கேட்பது நியாயமே. நம் நாட்டிலும் 2006 முதல் சில குற்றங்களுக்கு இதை ஒத்த ஏற்பாடு வந்திருக்கிறது. வழக்கில் வென்றால் மட்டும், கிடைத்த தொகையில் ஒரு பங்கை வக்கீல் கட்டணமாகப் பெறும் அமெரிக்க வழக்கமோ இந்திய வழக்கறிஞர்களுக்கு மறுக்கப்பட்டுள்ளது.

இத்தனைக்கும் முன்னோடியாக, வகுப்பு எதுவுமின்றியே அமெரிக்கச் சட்டம் பயிலச் சென்ற இந்தியர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகராயிருந்த பி. என். ராவ் 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சென்றார். அங்கே சுப்ரீம் கோர்ட் நீதிபதி பிராங்பர்ட்டரைச் சந்தித்தார். "உரிய சட்டநெறி" என்ற அமெரிக்கச் சொற்றொடரைக் கொண்டு சட்டமன்றத்தின் சட்டங்களை நீதிபதிகள் தள்ளிவிடும் வழக்கம் ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது, நீதிமன்றத்துக்கும் பெருஞ்சுமை என்பது அவர் அபிப்பிராயம். தம் நாட்டு அனுபவத்தைக் கண்டு கூறிய சொல் அது. நம் அரசியலமைப்பின் 21ஆம் விதியில் அத்தொடர் இடம்பெறவில்லை. "சட்டத்தால் நிலைநாட்டப்பட்ட நடைமுறை" என்பதே இடம்பெற்றது.

இரண்டுக்கும் வேறுபாடு சில சொற்களே. ஆனால் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்ட ஏ. கே. கோபாலன் 1950இல் சென்னை ராஜ்யத்தை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டை அணுகியபோது, அச்சொற்களே அவருடைய வழக்கைத் தீர்மானித்தன. முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் ஒரு நடைமுறையைக் கூறி, அது பின்பற்றப்பட்டிருந்தால் போதும். அந்நடைமுறை நியாயமானதா என்று ஆராயத் தமக்கு இடமில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நீதிபதி பஸல் அலி மாறுபட்டார். நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருந்தாக வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது 1978இல், மேனகா காந்தி வழக்கில். கோபாலன் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.