கட்டிலைச் சுற்றியுள்ள குழாய்கள் என்ன செய்கின்றன?

டிரிப்ஸ் ஏறும் கையை இரவு முழுக்க விறைப்பாக நீட்டியே வைத்திருக்கும் நோயாளிகளை எந்த வார்டிலும் பார்க்கலாம். உள்ளே ஊசி இருக்கிறது, அசைத்தால் குத்திவிடும் என்ற பயம். ஆனால் ஊசி, குத்திய கையோடு வெளியே எடுக்கப்பட்டுவிடுகிறது. ரத்தக் குழாய்க்குள் தங்குவது, நர்ஸ்கள் ‘வென்ஃப்ளான்’ என்று சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டுமே. விரல்களைத் தாராளமாக அசைக்கலாம்.

வென்ஃப்ளானின் நிறம் அதன் அளவைச் சொல்லும்: பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடக் குழாய் மெலியும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மஞ்சள்தான். வென்ஃப்ளான் குத்திய இடம் வீங்கினாலோ, சிவந்தாலோ, எரிந்தாலோ உடனே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். பாட்டில் முழுக்கத் தீரும்வரை காத்திருக்கவும் கூடாது. தீர்ந்துபோனால் ரத்தம் குழாயில் ஏறி உறைந்து, அடைத்துக்கொள்ளும். புதிதாகக் குத்த வேண்டிவரும்.

மூக்கில் இரண்டு குழாய்கள்

மூக்கில் இருப்பதெல்லாம் ஆக்சிஜன் குழாய் அல்ல. ஆக்சிஜன் குழாயின் நுனிகள் மூக்குத் துவாரத்தோடு நின்றுவிடும். இரைப்பை வரை இறங்குவது ரைல்ஸ் டியூப். பிரிட்டன் மருத்துவர் ஜான் ரைலின் பெயர் அதற்கு. அதன் வழியாகக் கஞ்சியோ பாலோ கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த உடனேயும் தாழ்த்தக் கூடாது. படுத்த நிலையில் கொடுத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

சிறுநீர்ப் பை

சிறுநீர்க் குழாய் நழுவாமல் இருக்க, அதன் நுனியில் நீர் நிரப்பிய சிறு பலூன் சிறுநீர்ப்பைக்குள் இருக்கிறது. தெரியாமல் இழுத்தால் உள்ளே காயமாகும். ஸ்கேனுக்கு அழைத்துப்போகும்போது பலர் சிறுநீர் சேரும் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுகிறார்கள். அப்போது சிறுநீர் திரும்பி ஓடி, கிருமித்தொற்று வரலாம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது.

மானிட்டர்

மானிட்டர் அலறினால் முதலில் நோயாளியைப் பாருங்கள், பிறகு விரல் கிளிப்பை. கிளிப் நழுவினாலோ, விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிஜன் அளவு தவறாகக் காட்டலாம். காரணம் எதுவென்று நாமே முடிவுகட்டாமல் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

காற்று மெத்தை

நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஏர் பெட் போடுவார்கள். அதன் அறைகள் மாறி மாறி உப்பி, தளர்ந்து, உடலின் ஒரே இடத்தில் அழுத்தம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். மெத்தை இருக்கிறதே என்று திருப்பிப் படுக்கவைப்பதை விட்டுவிடக் கூடாது. வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள். அப்படித் திருப்பும்போது இடுப்பின் பின்புறம், குதிகால், பின்னந்தலை ஆகிய மூன்றையும் பாருங்கள். அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்பு, படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

ஒரு நர்ஸின் பொறுப்பில் பல கட்டில்கள் இருக்கும். துணைக்கு இருப்பவரின் கண்ணோ ஒரே கட்டிலில் இருக்கிறது. எந்தக் குழாயையும் நாம் தொட வேண்டியதில்லை. எது எதற்கென்று முதல் நாளே கேட்டுவைத்து, மாறுதல் தெரிந்ததும் சொன்னால் போதும்.