தானே ஓடும் வைப்பருக்கு நீர் விலக்கும் பூச்சு பகையா?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வணிகர்களுக்குத் தூக்கம் குறைவு. பண்டிகைச் சரக்கு எடுக்க விடியற்காலை மூன்று மணிக்கே மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டுகிறது. எதிரே வரும் லாரியின் விளக்கு வெளிச்சம் ஈரக் கண்ணாடியில் பட்டுச் சிதறினால் சாலையே தெரிவதில்லை. இதற்கு மருந்தாக, முன் கண்ணாடியில் தடவினால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும் என்று சொல்லி விற்கப்படும் நீர் விலக்கும் பூச்சை நம்மில் பலர் வாங்குகிறோம். சிலர் கடையிலும் வைத்து விற்கிறோம்.

பூச்சு புதிய சரக்கு அல்ல. அமெரிக்காவின் ரெயின்-எக்ஸ் 1972 முதலே விற்பனையில் இருக்கிறது. புதிது என்னவென்றால், மழை விழுந்ததும் தானே ஓடும் வைப்பர். நம் நாட்டில் மகிந்திரா ஸ்கார்பியோ, எக்ஸ்.யு.வி.500 போன்ற வண்டிகளின் விலை உயர்ந்த மாடல்களில் இது வந்தது. பிறகு டாட்டா நெக்ஸான் அளவுள்ள கார்களுக்கும் இறங்கியது. இந்த இரண்டும் ஒரே கண்ணாடியில் சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சில ஜப்பானியக் கார்களின் கையேட்டிலேயே, பூச்சு தடவினால் மழையின் அளவை சென்சார் சரியாக அறியாது என்ற எச்சரிக்கை உண்டு.

காரணம் இதுதான். உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பெட்டிதான் சென்சார். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில் செலுத்துகிறது. கண்ணாடி காய்ந்திருந்தால், சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி வெளியே தப்ப முடியாது. முழுவதும் உள்ளே திரும்பி வரும். தண்ணீர் ஒட்டியிருக்கும் இடத்தில் அந்த எல்லை 60 டிகிரியைத் தாண்டிவிடுவதால், ஒளி அந்த வழியாக வெளியேறிவிடும். திரும்பி வரும் ஒளி குறைந்தால் மழை என்று கணக்கு. எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு வைப்பர் வேகம் கூடும்.

ஆக, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அது அளப்பதில்லை; கண்ணாடியில் எவ்வளவு இடத்தில் தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்பதையே அளக்கிறது. வெறும் கண்ணாடியில் ஒரு துளி பரந்து படரும். பூச்சு உள்ள கண்ணாடியில் அதே துளி உருண்டையாக நின்று, குறைந்த இடத்தில் மட்டும் தொடும். பெய்வது நல்ல தூறலாக இருந்தாலும் சென்சாருக்கு அது சாரலாகத்தான் தெரியும். வைப்பர் தாமதிக்கும். பூச்சு பாதி தேய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும் நாளில் இன்னும் தொல்லை: ஒரு முறை சும்மா இருக்கும், மறுமுறை தேவையில்லாமல் ஓடும். வைப்பர் ரப்பர் போய் வரும் பாதையில்தான் பூச்சு முதலில் தேய்கிறது. சென்சார் இருப்பதும் அந்தப் பாதையில்தான்.

பூச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றே துளிகளைத் தள்ளிவிடும். அங்கே அது நல்ல உதவி. ஆனால் வைப்பரே தேவைப்படாது என்ற விளம்பரப் பேச்சை நம்பி, மார்க்கெட் சந்தில் ஊர்ந்து போகும்போது சும்மா இருக்கக் கூடாது. அந்த வேகத்தில் முத்துக்கள் நகராமல் அப்படியே நிற்கும்.

வழி எளிது. கண்ணாடியின் வெளிப்புறம் சென்சார் இருக்கும் இடத்தை மட்டும் ஒரு துண்டுக் காகிதம் வைத்து டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மற்ற இடத்தில் பூச்சு தடவலாம். அந்த இடம் உள்பக்கக் கண்ணாடிக்கு நேரே இருப்பதால் ஓட்டுநர் பார்வைக்கு நட்டமில்லை. முன்னதாக வைப்பரை தானியங்கி நிலையிலிருந்து நிறுத்திவிடுங்கள். ஈரத்துணி பட்டதும் அது திடீரென்று ஓடி விரலில் அடிக்கும். வண்டியை நிழலில் நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்த பிறகே தடவ வேண்டும். வெள்ளைப் படலம் மீதியில்லாமல் துடைத்தெடுப்பது முக்கியம். இரவில் கண் கூசுவதற்குப் பாதிக் காரணம் அந்தப் படலமே. ஏற்கெனவே முழுவதும் தடவியவர்கள், வைப்பர் கைப்பிடியில் உள்ள உணர்திறன் வளையத்தை ஒரு படி கூட்டிப் பார்க்கலாம். அடைமழையில் யோசிக்காமல் கையால் போட்டுவிடுவதே நல்லது.

கண்ணாடி உடைந்து மாற்றிய வண்டியானால் பூச்சின் மேல் பழி போடுமுன், சென்சாருக்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள ஜெல் பட்டையில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குமிழி இருந்தாலும் இதே கோளாறுதான் வரும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆட்டோ வைப்பர் உள்ள காருக்குப் போடலாமா அண்ணாச்சி?" என்று வாடிக்கையாளர் கேட்டால், சென்சார் இடத்தை விட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாட்டில் மறுநாளே திரும்பி வரும். இவற்றில் பல சாராயச் சத்துக் கலந்தவை, எளிதில் தீப்பிடிக்கும். தீப்பெட்டி, கற்பூர அடுக்குக்குப் பக்கத்தில் வேண்டாம். தேயிலைத் தூள் வாடையை இழுத்துக்கொள்ளும்; அதன் அருகிலும் வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை ஆகியவை லேபிளில் இருக்கின்றனவா என்று பார்த்து எடுங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இவற்றைக் கேட்கின்றன. சோதனைக்கு வரும் அதிகாரி மொத்த வியாபாரியிடம் போகமாட்டார், அலமாரியில் வைத்திருக்கும் நம்மிடம்தான் முதலில் வருவார்.