உங்களுக்குத் தெரியுமா? மாணவர்கள் செய்த செயற்கைக்கோள்!

பெங்களூரு எலகங்காவில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் செயற்கைக்கோளுக்கான தரைநிலையமே அமைந்தது!

● பெங்களூரு, ஹைதராபாத் கல்லூரிகளின் இளநிலை மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய அந்தச் செயற்கைக்கோள் ‘ஸ்டட்சாட்’. 2010 ஜூலை 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-15 ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது. எடை 1 கிலோவுக்கும் குறைவு!

● அதே ராக்கெட்டில் சுவிட்சர்லாந்து மாணவர்களின் ‘டிஐசாட்’டும் பறந்தது.

● சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ ‘அனுசாட்’ அதற்கு முந்தைய ஆண்டே, 2009 ஏப்ரல் 20-ல் விண்ணேறிவிட்டது. உருவான இடம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம்.

● இப்படிச் செய்து கற்பதையே பட்டப்படிப்பின் அடித்தளமாக்கியது அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம். 1970-ல் தொடங்கிய அதன் பாடத்திட்டப்படி, சமூகப் பிரச்சினை ஒன்றுக்கு மாணவர்கள் குழுவாகத் தீர்வு தேட வேண்டும். பலர் அதற்காக வெளிநாடு செல்கிறார்கள்.

● பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011-ல் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பிலும் இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் உண்டு.

மாணவர்களே! இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்காதீர்கள். உங்கள் கையால் செய்யுங்கள். அதுதான் உண்மையான படிப்பு.