உஷார்! வீடு காட்டுகிறவர் உங்கள் ஆள் இல்லை

ஜொகூர் பாருவில் வீடு தேடுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். ஆர்.டி.எஸ். ரயிலின் பெயரையும் 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் பெயரையும் சொல்லியே, "இன்னிக்கு விட்டா நாளைக்கு இந்த விலை இல்லண்ணே" என்று வாட்சாப்பில் விரட்டுகிறார்கள். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், களைத்து வீடு திரும்பியவரிடம் ராத்திரி பத்து மணிக்குப் பேசி, அப்போதே முன்பணம் அனுப்பச் சொல்லும் ஆட்கள் உண்டு. அனுப்பாதீர்கள். பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்று தெரியாமல் ஒரு சென்கூட நகரக்கூடாது.

முதலில் அந்த ஏஜண்டு யார் என்று பாருங்கள். நாம் ஏஜண்டு என்று கூப்பிடும் பலர் உண்மையில் 'ரென்', அதாவது ஒரு நிறுவனத்தின் கீழ் வேலை செய்யும் பேரம் பேசுநர். அவர் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்க வேண்டும். அதில் படம், ரென் எண், நிறுவனத்தின் பெயர், கியூஆர் குறியீடு எல்லாம் இருக்கும். எண்ணை வாங்கி, ஏஜண்டுகளைப் பதிவு செய்யும் எல்பிஇபிஎச் வாரியத்தின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. பதிவில்லாமல் தரகு பார்ப்பது 1981-ஆம் ஆண்டின் 242-ஆவது சட்டப்படி குற்றம். தண்டனை 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அப்படியிருந்தும் நம்மவர்களில் பலர், "கோயில்ல பார்த்த பையன், நம்ம ஆளு" என்று அட்டையைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். ஏமாற்றுகிறவனுக்கு இந்தக் கூச்சம்தான் முதல்.

அட்டை சரியாக இருந்தாலும் முன்பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. பழைய வீடு என்றால் வழக்கமாக விலையில் 2 விழுக்காடு, நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கே போக வேண்டும். கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி முன்பணக் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சில் "அதெல்லாம் திரும்பக் கிடைக்கும்" என்பதற்கு மதிப்பில்லை.

இன்னொன்று. உங்களைக் காரில் ஏற்றி ஸ்கூடாய், மாசாய் என்று சுற்றிக் காட்டுகிறவருக்கு கமிஷன் கொடுப்பது பொதுவாக விற்பவர். அதிகபட்சம் 3 விழுக்காடு. விலை ஏறினால் அவருக்கு லாபம். "எங்கள் வீட்டு பட்ஜெட் 5 லட்சம் வரை போகும்" என்று அவரிடம் உளறினால், அது விற்பவர் காதுக்குப் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் திட்டங்களில் ஆபத்து வேறு விதம். விற்பனைக் கூடத்தில் "புக்கிங் மட்டும் போடுங்க" என்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்று வீடமைப்பு மேம்பாட்டு விதிகள் சொல்கின்றன. 2021 ஜனவரியில் பிஜேடி ரீஜென்சி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அப்படி வாங்கிவிட்டால் வீட்டைத் தாமதமாகக் கொடுத்ததற்கான இழப்பீட்டை ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல, புக்கிங் பணம் கட்டிய தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதிக்கு விலை உண்டு.

அதே கூடத்தில் "லாயர் ஃபீஸ் இலவசம்" என்பார்கள். அந்த லாயர் மேம்பாட்டாளருடைய லாயர். 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84-ஆவது பிரிவுப்படி, ஒரு விற்பனையில் மேம்பாட்டாளருக்காக நிற்பவர் அதே விற்பனையில் வாங்குகிறவருக்காக நிற்க முடியாது. அப்படியென்றால் உங்கள் பக்கம் யாருமே இல்லை! இனிக்கப் பேசும் எல்லாரும் எதிர்ப்பக்கம். உங்களுக்காகப் பார்க்க ஒரு லாயர் வேண்டுமானால் நீங்களே தேடிப் பிடித்து, காசு கொடுத்து வைக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மதிப்பீட்டாளரும் வங்கிக்காகவே மதிப்பிடுகிறார், அவருக்கான செலவை நீங்கள் கட்டினாலும். 5 லட்சத்துக்குப் பேசிய வீட்டை அவர் நாலரை லட்சம் என்று எழுதினால், 90 விழுக்காட்டுக் கடன் 4,05,000-தான். 50,000 வெள்ளி புரட்டினால் போதும் என்று இருந்தவர் 95,000 தேட வேண்டும். இந்தப் பள்ளத்தை மறைக்கத்தான் சிலர் "விலையைக் கூட்டி எழுதி கேஷ்பேக் வாங்கித் தர்றேன்" என்று வருகிறார்கள். அது வங்கிக்குச் சொல்லும் பொய். பேப்பரில் இருப்பது அவர்கள் கையெழுத்தல்ல, உங்களுடையது. வங்கி அதிகாரி பாவம், கடன் விற்பவர். தவணை உங்கள் வயிற்றை எவ்வளவு இறுக்கும் என்று அவர் கணக்குப் போட மாட்டார்.

நிலப்பட்டாவை நில அலுவலகத்தில் தேடிப் பார்ப்பது லாயர் வேலை. ஏஜண்டு கொடுக்கும் நகலை நம்பி உட்காராதீர்கள். பட்டாவில் யார் பெயர், வேறு யாராவது கேவியட் (பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போட்டிருக்கிறார்களா, பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கிய லாட்டா என்பதெல்லாம் முன்பணத்துக்கு முன்பே தெரிய வேண்டும். "பூமி லாட்தான், ஆனா ரிலீஸ் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், அனுமதி கொடுப்பது மாநில அரசு, அந்த வாய் அல்ல. ஒப்பந்தம் போட்டதும் உங்கள் பெயரில் ஒரு கேவியட் பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே வீட்டை வேறொருவருக்கும் விற்க வழி திறந்தே கிடக்கும். பழைய தாமான் வீடுகளில் பின்பக்கம் இழுத்துக் கட்டிய அடுப்படிக்கு மாநகர் மன்ற அனுமதி இருந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் சாவியோடு அந்தத் தலைவலியும் உங்களுக்கு வந்து சேரும்.

தவறான கணக்குக்குப் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே உங்கள் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கும் அழையுங்கள்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் பிடித்தால்தான் பிடித்தது. அதன் பிறகு போலீஸ் புகார், பிறகு எல்பிஇபிஎச் வாரியத்துக்கு ஒரு புகார்.