வெட்டி எறிந்த விடையும் கணக்கில் உண்டு

கல்முனைக் கரையோரத்தில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது குடியிருப்புக் காணி. அங்கே நீள்சதுர வளவொன்றைச் சுற்றி வேலி அடைக்க 70 மீற்றர் வேண்டும். பரப்பு 300 சதுர மீற்றர், அதாவது 12 பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். வேலியில் பாதி 35. அது நீளமும் அகலமும் சேர்ந்த தொகை. கூட்டினால் 35, பெருக்கினால் 300 தரும் எண்கள் 20, 15. பதினோராம் தரத்துப் பிள்ளை இதையே இருபடிச் சமன்பாடாக எழுதும்: தெரியாத எண்ணின் வர்க்கம், சய அதன் 35 மடங்கு, சக 300, சமன் பூச்சியம். கோவையைப் பூச்சியமாக்கும் பெறுமானங்களும் அதே 20, 15தான். நடு உறுப்பின் குணகத்தைக் குறி மாற்றினால் அவற்றின் கூட்டுத்தொகை. மாறிலி அவற்றின் பெருக்கம். வர்க்கத்துக்கு முன்னே வேறு குணகம் இருந்தால் முதலில் அதனால் முழுவதையும் வகுத்துக்கொள்ள வேண்டும். விடையைத் தேடுமுன்பே விடையைப் பற்றிய இரண்டு செய்திகள் குணகங்களில் இருக்கின்றன. சூத்திரத்தில் எண்களைப் போட்டு முடிக்கும் அவசரத்தில் நம் பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான்.

நீளம் மறை எண்ணாக இருக்க முடியாதே, அப்படி வரும் விடையை வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அட்சரகணிதத்துக்கு வித்திட்ட அல் குவாரிஸ்மியும் அப்படித்தான் செய்தார். கி.பி. 820 அளவில் பக்தாதில் எழுதிய நூலில், வாரிசுகளுக்குச் சொத்துப் பங்கிடும் கணக்குகளுக்குப் பெரும்பகுதியை ஒதுக்கிய அவர், ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் 10 மடங்கும் சேர்ந்தால் 39 என்ற கணக்கையும் தந்தார். சதுரம் வரைந்து வர்க்கத்தைப் பூர்த்தியாக்கி அவர் கண்ட விடை 3. சய 13உம் பொருந்தும்: 169இலிருந்து 130 போனால் 39. அதை அவர் ஏற்கவில்லை; குணகங்களோ கைவிடவில்லை. 3ஐ மட்டும் வைத்துக்கொண்டு 10 எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. சய 13ஐச் சேர்த்தால் தொகை சய 10, பெருக்கம் சய 39. வளவுக்கு உதவாத விடை சமன்பாட்டுக்கு வேண்டியதாகிறது.

இலகுவான எண்களுக்குத்தானே இது சரிவரும், சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்துமே என்பது அடுத்த கேள்வி. நியாயம்தான், ஆனால் இந்த உறவு சூத்திரத்துக்குப் போட்டியாக வரவில்லை, அதைச் சரிபார்க்கவே வருகிறது. வர்க்கம், சய 6 மடங்கு, சக 4 என்ற கோவைக்கு, 3உடன் 5இன் வர்க்கமூலத்தைக் கூட்டியதும் கழித்ததும் விடைகள். பிரதியிட்டுப் பார்ப்பது நீண்ட வேலை. கூட்டினால் வர்க்கமூலம் அடிபட்டு 6. பெருக்கினால் 9இலிருந்து 5 போய் 4. பரீட்சைத் தாளில் இரண்டே வரி. அவை பொருந்தாவிட்டால், பிழை எங்கோ நடந்திருக்கிறது என்பதைத் தாள் கொடுக்குமுன்பே பிள்ளை அறிந்துகொள்ளும்.