தரவுக்கும் ஓர் அகராதி

சொல் ஒருபுறமும் பொருள் ஒருபுறமுமாகச் சிதறிவிடாதிருக்கவே நம் முன்னோர் நிகண்டுகளை யாத்தனர். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார். தேடி வருவோன் எதைத் தேடி வருகிறான் என்பதை எண்ணிச் செய்த வகுப்பு அது. கணிப்பொறித் துறையினர் 'தரவு அகராதி' என வழங்குவதும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

ஒரு பயன்பாட்டு நிரலில் இடம்பெறும் ஒவ்வொரு புலத்துக்கும் பெயர் யாது, அது குறிக்கும் பொருள் யாது, எண்ணா எழுத்தா, எத்தனை இடம் கொள்ளும், எந்த அலகு, எம்மதிப்புகள் ஏற்கத்தக்கன, மாற்றும் உரிமை யாருக்கு என்பனவற்றை எழுதிவைக்கும் ஏடே தரவு அகராதி. இவற்றுள் பெயரையும் வகையையும் அளவையும் தரவுத்தள மென்பொருள் தானே குறித்துக்கொள்ளும். பொருளை மட்டும் மனிதன்தான் எழுத வேண்டும். தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என வினவுவோர்க்கு இதுவே நம் விடை.

கல்மண்டபத்திலிருந்து கடற்கரைப் பக்கம் சென்றால் துறைமுகம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளைக் காணலாம். ஒவ்வொரு பெட்டியின் மீதும் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 6346 என்னும் பன்னாட்டுத் தரம் இவற்றுக்குப் பொருள் வகுத்துள்ளது. முதல் மூன்று எழுத்துகள் உடைமையாளரையும், நான்காவது எழுத்து கருவியின் வகையையும், அடுத்த ஆறு எண்கள் வரிசையையும் குறிக்கும். இறுதி எண் முன்னவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சோதனை எண். எழுதுவோன் ஓர் எண்ணைப் பிறழ எழுதினால் கணக்கு ஒவ்வாமல் பிழை புலப்படும். இராயபுரத்தில் பதிந்த எண் சிங்கப்பூரிலும் அதே பொருளைத் தருவது இவ்வகராதியால்தான்.

பொருள் எழுதப்படாதவிடத்து நேர்வது யாது? 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு நிரல் பவுண்டு அலகில் தர, அதனைப் பெற்ற நிரல் நியூட்டன் அலகு எனக் கொண்டது. எண் சரியே, அலகுதான் வேறு.

நமக்கு இன்னும் அணுக்கமானது பெயர்ப்புலம். முஹம்மது, முகம்மது, முகமது என ஒரே பெயரை மூவகையாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதினாலோ வகை இன்னும் பெருகும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இவர்கள் மூவர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது நம் வழக்கு. படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. அவ்விடத்தில் தந்தை பெயரை இட்ட மாணவன், கடல் கடந்து சென்றபின் தந்தை பெயராலேயே அழைக்கப்படுகிறான். சான்றிதழில் ஒன்றும் குடும்ப அட்டையில் ஒன்றுமாகப் பெயர் நின்றால், உதவித்தொகைக்கு அலைபவள் அம்மாணவியே; நிரல் எழுதியவர் அல்லர். ஆதலின் கல்லூரிச் சேர்க்கைக்கான தரவு அகராதியில், 'பெயர்: பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறே, பிரிக்காமல், திருத்தாமல்' என எழுதவேண்டும். தந்தை பெயருக்குத் தனிப்புலம், மாற்று எழுத்துவடிவங்களுக்குத் தனிப்புலம் அமைத்து, ஆளை அடையாளங்காணும் பொறுப்பைப் பெயரிடம் விடாது சேர்க்கை எண்ணிடம் ஒப்படைப்பதே முறை.

ஆக்குவதினும் பேணுவது அரிது. முதல் வாரத்தில் ஆர்வத்துடன் எழுதி, பின் நிரலை மட்டும் மாற்றிக்கொண்டே போவது பரவலான வழக்கம். ஓராண்டு கழித்து அகராதி ஒன்று சொல்ல, நிரல் வேறொன்று செய்யும். அகராதியில் மாற்றம் பதிவான பின்னரே நிரலில் கைவைப்பது என்பது கண்டிப்பான விதியாக இருத்தல் வேண்டும். பழைய பதிவை அழித்தலும் கூடாது. வழக்கிழந்த சொல்லையும் பேரகராதி விடாது காப்பதுபோல, எந்நாள் முதல் எந்நாள் வரை வழங்கியது எனக் குறித்து அதனை வைத்திருக்க வேண்டும். பழைய பதிவேட்டைப் படிப்போர்க்கு அதுவே திறவுகோல்.

மாறுவது எது, மாறாதது எது எனப் பிரித்தறிதலும் பேணுதலில் அடங்கும். 1996-இல் மெட்ராஸ் சென்னையாயிற்று. சென்ட்ரல் நிலையம் 2019-இல் எம்.ஜி.ஆர். பெயரை ஏற்றது. ஆயினும் இரயில்வேக் கணிப்பொறிக்கு அந்நிலையம் அன்றும் இன்றும் 'எம்.ஏ.எஸ்.' தான். குறியீட்டையும் மாற்றியிருந்தால் அதனைச் சுட்டும் பதிவுகள் அனைத்தையும் தேடித் திருத்த நேர்ந்திருக்கும். அவ்வெழுத்துகளுக்குள் மெட்ராஸ் இன்னும் குடியிருப்பதைப் பயணச்சீட்டில் காணலாம்.