பால்மரத்து ஓணானும் பனிச்சறுக்கு வீரரும்

குளிர்கால ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பனிச் சரிவில் சறுக்கி வரும் வீரர், மேடை முடிந்ததும் காற்றில் மிதந்துகொண்டே போகிறார். "கீழே விழாமல் எப்படி அவ்வளவு தூரம் போகிறார்?" என்று கேட்டீர்களா? கெட்டிக்காரப் பிள்ளைகள்! நல்ல கேள்வி.

இதற்குப் பதில் தேடிப் பனிமலைக்குப் போக வேண்டாம். நம் பாடாங் செராய் ஊர்ப் பக்கத்துப் பால்மரங்களைப் பார்த்தாலே போதும். அங்கே பறக்கும் ஓணான் இருக்கிறது.

வாலோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு சாண் நீளம்தான். மரப்பட்டை நிறம். அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. ஆண் ஓணான் தொண்டைக்கு அடியில் இருக்கும் மஞ்சள் தோலை நீட்டி மடக்கும்போதுதான், "அட, இங்கேயா இருக்கிறாய்!" என்போம்.

அதன் விலா எலும்புகள் சில உடம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். அவற்றின் மேல் மெல்லிய தோல். மரத்தில் இருக்கும்போது மடித்து வைத்துக்கொள்ளும். குதித்தவுடன் விரிக்கும். இரு பக்கமும் இறக்கை தயார்! முன்னங்கால்களால் அந்த இறக்கையின் முன் ஓரத்தைப் பிடித்தும் கொள்ளும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் படங்களோடு காட்டியது.

ஆனால் பறவை போல இறக்கையை அடிக்காது. பிறகு எப்படி மிதக்கிறது?

திடலில் பட்டம் விடுகிறீர்களே, அது காற்றுக்குச் சற்றுச் சாய்ந்து நிற்கும் அல்லவா? சாய்ந்த பட்டம் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பும். காற்று பட்டத்தை மேல்நோக்கித் தள்ளும். இதுதான் தூக்கு விசை. ஓணானின் இறக்கைக்கும் இதே கதைதான். சாய்வு அளவோடு இருந்தால் மிதக்கும். மிகவும் நிமிர்ந்தால், முன்னே போகவிடாமல் காற்று தடுக்கும். அதற்குப் பெயர் இழுவை விசை.

புரிகிறதா? இப்போது பனிமலைக்குப் போவோம்.

பனித்தாவல் வீரர் மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகத்தில் மேடையை விட்டுக் கிளம்புவார். முன்பெல்லாம் இரண்டு சறுக்குப் பலகைகளையும் இணையாக, உடம்புக்கு நேர் கீழே வைத்திருப்பார்கள். 1980களில் சுவீடன் வீரர் யான் பொக்லவ் பலகைகளின் முன்முனைகளை அகல விரித்தார். "அழகாக இல்லை" என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அவர் விடவில்லை. 1988-89 பருவத்தின் உலகக் கோப்பையை வென்றார். சில ஆண்டுகளில் எல்லாரும் அவர் வழிக்கே வந்தார்கள். பலகைகள் விரிந்ததால், உடம்போடு சேர்ந்து அவையும் காற்றைத் தாங்கின. தூக்கு விசை கூடியது. தூரமும் கூடியது.

சுழன்று தாவுகிறவர்கள் வேறு வகை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீனாவின் எய்லீன் கு காற்றிலேயே நாலரைச் சுற்றுச் சுற்றித் தங்கம் வென்றார். சுழலும் உடம்பு ஒரே சாய்வில் நிற்காது. அதனால் காற்று அதைத் தாங்கி நிற்க முடியாது. அவர்கள் நம்புவது மேடை தரும் உயரத்தை. சுழற்சியையும் மேடையிலேயே தொடங்கிவிடுவார்கள். கைகளை உடம்போடு ஒட்டினால் வேகமாகச் சுழல்வார்கள், விரித்தால் மெதுவாகச் சுழல்வார்கள்.

இறங்குவது எப்படி? ஓணான் மரத்தை நெருங்கியதும் தலையைத் தூக்கி நிமிரும். அப்போது இழுவை விசை கூடி வேகம் குறையும். மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். வீரர்களுக்கோ இறங்கும் இடத்தையே சரிவாகக் கட்டியிருக்கிறார்கள். அதனால் தரை ஓங்கி மோதாமல் அவர்களை வழுக்கவிடுகிறது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஓணான் தாவுவதைப் பார்த்தால், முன்னே எத்தனை அடி போனது, கீழே எத்தனை அடி இறங்கியது என்று கண்ணளவில் குறித்துக்கொள்ளுங்கள். போன தூரத்தை இறங்கிய அளவால் வகுங்கள். விடை பெரிதாக இருந்தால் ஓணான் நன்றாக மிதந்திருக்கிறது. விமானப் பொறியாளர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆனால் ஓணானைப் பிடிக்கவோ விரட்டவோ கூடாது, சரியா?